வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை தாங்கும் மீன் தொட்டி

கேள்வி: சென்னை கிண்டியில் 14 பேர் வேலை செய்யும் தணிக்கையாளர் அலுவலகத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். வரவேற்பறையில் உயிருள்ள நீர்ச்செடிகளோடு சிறிய மீன் தொட்டி ஒன்று வைக்க விரும்புகிறோம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் போன்ற பெரிய ஏற்பாடுகள் வேண்டாம். பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும். சென்ற ஆண்டு கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று கோல்டு ஃபிஷ் வளர்த்தோம். ஒரு மாதத்துக்குள் மூன்றும் இறந்துவிட்டன. சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளி இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவோம். குழாயில் வருவது போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்தது. தொட்டியை ஈசானிய மூலையில்தான் வைக்க வேண்டும் என்கிறார் எங்கள் மூத்த பங்குதாரர்; அங்கே ஜன்னல் இருக்கிறது. எப்படித் தொடங்குவது? பழைய கிண்ணத்தைப் பயன்படுத்தலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அலுவலகங்களிலும் மருத்துவமனை வரவேற்பறைகளிலும் மீன் தொட்டி அமைத்துப் பராமரிப்பதுதான் என் தொழில். உங்கள் கடிதத்தில் நான் முதலில் கவனித்தது அந்த மெயின் சுவிட்சைத்தான். செடி, மீன், விளக்கு எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பேசலாம்.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நாளுக்குப் பத்து மணி நேரம், ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் உங்கள் அலுவலகத்தில் ஆள் இருப்பது 50 மணி நேரம். மீதி 118 மணி நேரமும் தொட்டி தனியாகத்தான் இருக்கப் போகிறது. வெள்ளி இரவு ஏழு மணிக்குக் கதவைப் பூட்டினால் திங்கள் காலை ஒன்பது வரை 62 மணி நேரம். பொங்கலுக்கு இன்னும் நீளும். வீட்டுத் தொட்டியில் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் யாராவது ஒருவர் கண்ணில் படும். அலுவலகத்தில் அதைப் பார்க்க ஆளிருக்காது. ஆகவே எதை வாங்கினாலும், எங்கே வைத்தாலும், எத்தனை மீன் விட்டாலும், அந்த 62 மணி நேரத்தை இது தாங்குமா என்று கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். செடிகள் நிறைந்த, மீன் குறைந்த, எளிமையான தொட்டி அதைத் தாங்கும். நீங்கள் விரும்புவதும் அதுவே என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கோல்டு ஃபிஷ் ஏன் இறந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனதில் அது உறுத்திக்கொண்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது. மீன் வெளியேற்றும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனின் செவுளை அரிக்கும் நஞ்சு. கார நீரில், அதுவும் வெப்பமான நீரில், அதன் நச்சுத்தன்மை இன்னும் கூடும். சென்னை போர் தண்ணீர் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு சில அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான், நைட்ரேட் மட்டும் ஓரளவு சேர்ந்தாலும் கெடுதல் இல்லை. இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புதிய கிண்ணத்தில் அவை இல்லை, வடிகட்டி இல்லை, செடியும் இல்லை. கோல்டு ஃபிஷ்ஷோ நிறையத் தின்று நிறையக் கழிவு விடும் மீன். நன்றாக வளர்ந்தால் அரை அடிக்கு மேல் போகும். அந்தக் கிண்ணம் அதற்குப் போதவே போதாது. உங்கள் அக்கறைக் குறைவால் அவை இறக்கவில்லை. அந்த ஏற்பாட்டில் யார் வளர்த்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

இப்போது மின்சாரம். மெயினை அணைத்த பிறகும் உங்கள் அலுவலகத்தில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்: சிசிடிவி கேமரா, கைரேகை வைத்துத் திறக்கும் கதவு, குளிர்பதனப் பெட்டி. அந்த இணைப்பிலிருந்து தொட்டிக்கு ஒரு பிளக் பாயின்ட் எடுத்துத் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். தொட்டிக்குத் தேவைப்படுவது சிறிய எல்இடி விளக்கும் ஏர் மோட்டாரும் மட்டுமே. இரண்டும் சேர்ந்து 20 வாட்டைத் தாண்டாது. அந்த இணைப்பில் மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடத்தில் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பிளக்குக்குப் போகும் ஒவ்வொரு வயரும் பிளக்கை விடக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வயர் வழியாக வழியும் தண்ணீர் தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது.

ஏர் மோட்டாரை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழேதான் இடம் என்றால், காற்று ஒரே பக்கம் போகும்படி தடுக்கும் சின்ன வால்வு ஒன்றைக் குழாயில் மாட்டுங்கள். மின்சாரம் நின்றதும் தொட்டித் தண்ணீர் அந்த மெல்லிய குழாய் வழியாகவே பின்னோக்கி இறங்கி, மோட்டாரைக் கெடுத்து, தரை விரிப்பை நனைத்து, கீழே இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் போய்விடும். விலை மிகக் குறைந்த பொருள்தான் அது. கடைக்காரர் தானாக எடுத்துத் தரமாட்டார், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தனி இணைப்பு கிடைத்தாலும், அது இல்லாத நாளை மனதில் வைத்தே மீன்களை எண்ண வேண்டும். செடி இருந்தால் ஆக்சிஜன் தானாக வரும் என்று பலரும் நம்புகிறார்கள். வெளிச்சம் இருக்கும் வரை அது சரி. இருட்டில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஏ.சி. அணைந்த அறையில் தண்ணீரின் வெப்பமும் ஏறும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும் என்றால், 30 டிகிரியில் சுமார் 7.5 தான். விளக்கும் மோட்டாரும் நின்றுபோன ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமையில் எட்டுச் சிறு மீன்கள் தாங்கிவிடும். இருபத்தைந்து மீன்கள் தாங்காது.

இடத்துக்கு வருகிறேன். ஈசானிய மூலையில் தாராளமாக வைக்கலாம், உங்கள் பங்குதாரரின் விருப்பத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வடகிழக்கு ஜன்னலில் காலை வெயில் நேராக விழும். நேர் வெயில் பட்டால் கண்ணாடி முழுவதும் பச்சைப் பாசி படியும், சிறிய தொட்டி சீக்கிரம் சூடாகும். அந்த ஜன்னலுக்கு வெளிச்சத்தை மட்டுப்படுத்தும் திரை ஒன்று போடுங்கள். அல்லது தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டிவிடுங்கள். பின்னணி கறுப்பாக இருந்தால் செடிகளின் பச்சையும் எடுப்பாகத் தெரியும். ஏ.சி.யின் காற்று நேராக அடிக்கும் இடமும், பிரின்டருக்கும் யுபிஎஸ்ஸுக்கும் பக்கத்து இடமும் வேண்டாம்.

அளவு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். இதைவிடச் சிறியது வாங்க வேண்டாம். சிறிய தொட்டி எளிது என்று தோன்றும், ஆனால் தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகமாக அது சூடாகும், கெடும். கல்லும் செடியும் போக இதில் 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். எல்லாம் சேர்ந்து எடை 70, 75 கிலோ வரும். சுவர்ப் பலகையிலோ சக்கரம் வைத்த மேஜையிலோ வைக்கக்கூடாது. இரும்பு ஸ்டாண்டு அல்லது கனமான மர அலமாரி வேண்டும். மட்டம் பார்த்து, தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் ஷீட் ஒன்று போட்டு வையுங்கள். மேலே மூடி கட்டாயம். மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்க மட்டுமல்ல, யாரும் கையை விடாமல் இருக்கவும்தான்.

கல் விஷயத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று கற்களின் மேல் வினிகர் சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. ஏற்கெனவே கடினமான சென்னைத் தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும். சங்கு, சிப்பி, பவளத்துண்டு எதுவும் இதே காரணத்தால் வேண்டாம். கட்டட வேலைக்கு வந்திருக்கும் எம்-சாண்டும் வேண்டாம்; அதன் தூசி அடங்கவே அடங்காது. 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள, சாயம் பூசாத சிறு கற்களை நன்றாகக் கழுவி 2 அங்குலத்துக்குப் போடுங்கள்.

செடிக்கு மண் வேண்டாமா என்று கேட்பீர்கள். கல்லுக்கு அடியில் ஓர் அங்குலம் மண் பரப்பும் முறை நல்ல முறை; மண்ணில் இருக்கும் கரிமப் பொருள் மெல்ல மட்கும்போது செடிக்கு உரமும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கின்றன. ஆனால் அலுவலகத்தில் யாராவது ஒரு செடியை இழுத்துப் பார்ப்பார்கள். அன்று முழுவதும் தொட்டி சேறாக நிற்கும். அதனால் நான் அலுவலகங்களில் செய்வது வேறு. சாயமும் மெருகும் பூசாத, கையளவு மண் சட்டிகள் நான்கு வாங்குங்கள். உரம் கலக்காத செம்மண்ணைப் பாதியளவு போட்டு, செடியை நட்டு, மேலே ஓர் அங்குலம் கல் போட்டு மூடி, சட்டியோடு தொட்டிக்குள் இறக்குங்கள். முன்னால் கல்லைச் சேர்த்து அணைத்துவிட்டால் சட்டி வெளியே தெரியாது. ஒரு செடி கெட்டால் அந்தச் சட்டியை மட்டும் தூக்கி மாற்றலாம். நர்சரியில் விற்கும் கலவை மண்ணில் சாணமும் மண்புழு உரமும் தென்னை நார்த்தூளும் இருக்கும். அது தண்ணீருக்குள் போனால் அமோனியா ஏறும், நார் மிதக்கும். வெறும் செம்மண் போதும்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருக்கிறீர்கள். கடினத் தண்ணீர் குறையல்ல, அதற்கேற்ற உயிர்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆர்.ஓ. இயந்திரம் பழுது பார்க்க வருபவரிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும். குழாய்த் தண்ணீரை ஒருமுறை அளந்து சொல்லச் சொல்லுங்கள். 800க்குள் இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். ஆயிரத்தைத் தாண்டினால் பாதிக்குப் பாதி கேன் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். முழுவதும் கேன் தண்ணீராக விடாதீர்கள். அதில் மீனுக்கும் செடிக்கும் வேண்டிய உப்புகள் மிகக் குறைவு. லாரித் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கலாம் என்பதால் மாற்றும் தண்ணீரில் எப்போதும் ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சுத்தமானது என்று சிலர் பிடித்து ஊற்றுகிறார்கள். அது செம்புக் குழாய்ச் சுருளின் மேல் வழிந்து வருவது, தொட்டிக்கு ஆகாது.

இன்னொன்று, ஏ.சி. அறையில் தொட்டித் தண்ணீர் விரைவாக ஆவியாகும். தண்ணீர் மட்டும்தான் போகும், உப்புகள் உள்ளேயே தங்கும். குறைந்த மட்டத்தைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் சில மாதங்களில் உப்பு இரட்டிப்பாகிவிடும். ஆகவே மட்டம் நிரப்புவதற்குக் கேன் தண்ணீர், அழுக்கு நீரை எடுத்துவிட்டு மாற்றுவதற்குக் குழாய்த் தண்ணீர். இதை மட்டும் தொட்டியின் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

செடிகளில் என் முதல் தேர்வு வாலிஸ்நேரியா. நாடா போன்ற நீண்ட இலைகள், பின்பக்கம் திரைபோல் நிற்கும். தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு; கடினத் தண்ணீரில் பைகார்பனேட்டுக்குப் பஞ்சமில்லை. சிலிண்டர் இல்லாத சென்னைத் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான செடி எனக்குத் தெரியாது. நம் ஏரிகளில் கிடக்கும் வேலம்பாசிக்கும் இதே திறன் இருக்கிறது. முதல் இரண்டு மாதங்களுக்கு அதில் ஒரு கற்றை போட்டு வையுங்கள். வேகமாக வளர்ந்து அமோனியாவை உறிஞ்சிக்கொள்ளும், மற்றச் செடிகள் நிலைத்ததும் எடுத்துவிடலாம். ஏரியிலிருந்து நேராக எடுத்து வராதீர்கள், தும்பியின் இளம்புழுவும் அட்டையும் கூடவே வரும். கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுப்பகுதிக்கு, மண் சட்டிகளில், கிரிப்டோகோரைன் வென்டி. இலங்கையின் ஓடைகளுக்கே உரிய செடி இது. மங்கிய வெளிச்சத்திலும் பழுப்பும் பச்சையுமாக அழகாக நிற்கும். நட்ட இரண்டொரு வாரத்தில் இதன் இலைகள் கரைந்து உதிரக்கூடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். வேர் உயிரோடு இருக்கும், புதிய இலை வரும். கடைக்கு வரும் பல செடிகள் தண்ணீருக்கு வெளியே வளர்க்கப்பட்டவை. பழைய இலை போய் நீருக்குள் வாழும் இலை வருவது இயல்பான மாற்றம். முன்பக்கத்துக்கு அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். இந்த இரண்டின் தண்டுக்கிழங்கை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும்; கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள், வேர் தானே பற்றிக்கொள்ளும்.

உங்கள் வரவேற்பறையில் மணி பிளான்ட் இருக்கிறதா? ஒரு கொடியை வெட்டி, வேர் மட்டும் தொட்டிக்குள் இருக்கும்படி, இலைகள் வெளியே படரும்படி மூடியின் ஓரத்தில் பொருத்துங்கள். வெளியிலிருக்கும் இலைக்குக் காற்றிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் அது தண்ணீரிலிருக்கும் நைட்ரேட்டை நீர்ச்செடிகளைவிட வேகமாக இழுக்கும். நான் அமைக்கும் எல்லா அலுவலகத் தொட்டிகளிலும் இதைச் செய்கிறேன்.

விளக்கு 10 முதல் 15 வாட் வெள்ளை எல்இடி, நாளுக்கு ஏழு மணி நேரம், டைமரில். வெளிச்சம் கூடினால் செடி வேகமாக வளரும் என்று நினைத்துப் பெரிய விளக்கு வாங்கிவிடாதீர்கள். வெளிச்சம் கூடும்போது செடிக்குக் கார்பனும் அதே அளவு கூட வேண்டும். சிலிண்டர் இல்லாத தொட்டியில் அது கூடுவதற்கு வழியில்லை. மிஞ்சும் வெளிச்சத்தைப் பாசி பயன்படுத்திக்கொள்ளும். டைமரில் திருகி வைக்கும் வகை வேண்டாம். மின்சாரம் போகும்போது அதன் கடிகாரமும் நின்றுவிடும். நான்கு மின்வெட்டுக்குப் பிறகு விளக்கு நள்ளிரவில் எரிந்துகொண்டிருக்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். முதல் சில வாரங்களில் கண்ணாடியில் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் வரும். துடைத்துவிடுங்கள், தானே நின்றுவிடும். பச்சைப் பாசி வந்தால் விளக்கை ஒரு மணி நேரம் குறையுங்கள்.

செடி நட்டு, தண்ணீர் நிரப்பி, ஏர் மோட்டாரில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, குறைந்தது நான்கு வாரம் மீன் விடாமல் காத்திருங்கள். அலுவலகத்தில் எல்லோரும் கேட்பார்கள். காத்திருங்கள். வாரம் இருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் பாக்டீரியாவுக்கு அது உணவாகும். கடைக்காரர் ஓடும் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்து தந்தால் அந்தக் கலங்கல் நீரை உங்கள் ஸ்பாஞ்சின் மேல் ஊற்றுங்கள். வேலை சீக்கிரம் நடக்கும். அமோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட் வாங்கி, இரண்டும் சுழியம் காட்டிய பிறகே மீன். இந்த நான்கு வாரமும் தொட்டியைக் கொசுவலைத் துணியால் இடைவெளியின்றி மூடி வையுங்கள். மீனில்லாத நல்ல தண்ணீர் டெங்கு பரப்பும் கொசுவுக்கு மிகவும் பிடித்த இடம். ஒன்றிரண்டு வாரத்தில் புழு கொசுவாகிப் பறந்துவிடும். மாநகராட்சி ஊழியர்கள் தேங்கிய தண்ணீரைப் பார்க்க வரும்போது சங்கடமும் நேரும்.

மீன்: ஆண் கப்பிகள் மட்டும் எட்டு. கடினத் தண்ணீர் அவற்றுக்குப் பிடிக்கும், ஏ.சி.யால் ஏறி இறங்கும் வெப்பத்தையும் தாங்கும். ஒரே ஒரு பெண் கப்பி சேர்ந்தாலும் சில மாதங்களில் எண்ணிக்கை கைமீறிப் போகும். கடையிலிருந்து வரும் பெண் மீன் பெரும்பாலும் ஏற்கெனவே சினையாக இருக்கும். கப்பி வேண்டாம் என்றால் இலங்கையின் செர்ரி பார்ப் ஆறு, ஏழு விடலாம். செடிகளுக்கு நடுவே அது காட்டும் சிவப்பு தனி அழகு. கடினத்தன்மை மிகக் கூடுதலாக இருந்தால் மட்டும் கப்பியோடு நில்லுங்கள். நியான் டெட்ரா மென்மையான, சற்றுக் குளிர்ந்த நீரின் மீன். சென்னைத் தண்ணீரில் அதைப் போட வேண்டாம்.

கொளத்தூர்க் கடைகளுக்கு நீங்கள் போவீர்கள் என்றே நினைக்கிறேன். வண்ண மீன்களுக்குச் சென்னையில் அதைவிடப் பெரிய இடம் இல்லை. அங்கே இரண்டு மீன்களை உங்களுக்குக் காட்டுவார்கள். ஒன்று, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீன். விரலளவில் வாங்கும் அது ஓர் அடியைத் தாண்டி வளரும், செடிகளைப் பெயர்க்கும், தானே நிறையக் கழிவு விடும். மற்றொன்று மிஸ் கேரளா. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் மட்டும் வாழும், அழிவின் விளிம்பில் இருக்கும் மீன் அது. ஐந்தாறு அங்குலம் வளர்ந்து கூட்டமாக வேகமாக நீந்தக்கூடியது. 2 அடித் தொட்டி அதற்குச் சிறை. இரண்டையும் வாங்காமல் திரும்பி வாருங்கள். முதலில் மூன்று மீன், இரண்டு வாரம் கழித்து மற்றவை. பையோடு கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரை உள்ளே ஊற்றாதீர்கள்.

அலுவலகத் தொட்டிகளைக் கெடுப்பவற்றில் முதலிடம் தீனிக்குத்தான். பதினான்கு பேரும் நல்ல மனதோடுதான் ஒரு சிட்டிகை போடுவார்கள். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. மீனோ எப்போது யார் வந்து நின்றாலும் பசித்ததுபோல் முன்னால் வரும். இதை அறிவிப்புப் பலகையால் தடுக்க முடியாது. தீனி டப்பா ஒரே ஒருவருடைய மேஜை இழுப்பறையில், பூட்டோடு இருக்க வேண்டும். அவர் விடுப்பில் போனால் யார் என்பதும் முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். வேலை நாளில் ஒருவேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பட்டினி. நலமான, வளர்ந்த மீனுக்கு இது துன்பமே இல்லை. பொங்கலுக்கு நான்கைந்து நாள் மூடினாலும் ஒன்றும் ஆகாது. விடுமுறைத் தீனிக்கட்டி என்று கடையில் விற்பதைப் போட்டால்தான் தண்ணீர் கெடும். தீனி மிகுகிறதா என்பதை நத்தைகள் காட்டிக்கொடுக்கும். செடியோடு சில சிறு நத்தைகள் வரத்தான் செய்யும், அவற்றால் கெடுதல் இல்லை. திடீரென்று கண்ணாடி முழுவதும் நத்தையாக இருந்தால் இழுப்பறையின் சாவி கைமாறியிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது மருந்தடிப்பு. கரப்பானுக்கும் எறும்புக்கும் அலுவலகங்களில் பெரும்பாலும் சனிக்கிழமையில், ஆளில்லாதபோதுதான் மருந்து அடிக்கிறார்கள். அந்த மருந்துகளில் பல பைரித்ராய்டு வகை. மனிதருக்குப் பெரிதாகத் தெரியாத அளவே மீனைக் கொன்றுவிடும். ஏர் மோட்டார் அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் செலுத்துகிறது என்பதால் மூடி இருந்தும் பயனில்லை. மருந்தடிப்பவர் வரும் தேதியை உங்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அன்று மோட்டாரை நிறுத்தி, தொட்டி முழுவதையும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஜன்னல்களைத் திறந்து அறையைக் காற்றாட விட்ட பிறகே விரிப்பை எடுத்து மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் வரவேற்பறைக்குத் தெளிப்புக்குப் பதில் ஜெல் மருந்து கேளுங்கள். பிளக்கில் மாட்டும் கொசுவிரட்டித் திரவமும் அந்த அறையில் வேண்டாம். தொட்டிக்கென்று ஒரு வாளி தனியாக வாங்கி, அதில் ஒருபோதும் பினாயில் படாமல் வைத்திருங்கள். துப்புரவு செய்யும் அம்மாவிடம் இதை நீங்களே நேரில், மரியாதையாக, காரணத்தோடு சொல்லுங்கள். பல அலுவலகங்களில் மீனின் நடமாட்டத்தில் மாற்றம் இருந்தால் முதலில் கண்டுபிடித்துச் சொல்பவரும் அவர்தான்.

பராமரிப்பை எப்போதும் திங்களோ செவ்வாயோ வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளியன்று தண்ணீர் மாற்றுவது, ஃபில்டர் கழுவுவது, புதிய மீன் விடுவது எதுவும் கூடாது. ஏதாவது தவறிப் போனால் வாரத்தின் நடுவில் கண்ணில் படும், சரிசெய்யலாம். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர், அதாவது பத்துப் பன்னிரண்டு லிட்டர் மாற்றினால் போதும். ஆறு மாதத்தில் செடிகள் அடர்ந்த பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மாதம் ஒருமுறை ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து மாட்டுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், தொட்டி மறுபடியும் முதல் நாளுக்குப் போய்விடும்.

பத்தாயிரத்துக்குள் இவை அனைத்தையும் செய்யலாம். பணம் குறைந்தால் மரக்கட்டையையும் அலங்காரத்தையும் தள்ளிப்போடுங்கள். ஸ்டாண்டிலும் மின் இணைப்பிலும் டெஸ்ட் கிட்டிலும் கைவைக்க வேண்டாம். செடிகளை முதலிலேயே நிறைய வாங்குங்கள். நான்கு செடி நட்டுப் பெருகட்டும் என்று விட்டால், பெருகுவது பாசியாகத்தான் இருக்கும்.

பழைய கிண்ணத்தில் மீன் வேண்டாம். மணி பிளான்ட் வெட்டி வைத்து யாராவது ஒருவர் மேஜையில் வைத்துக்கொள்ளலாம். வாரம் இருமுறை தண்ணீரைக் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, மாற்ற வேண்டும். செடி பெருகிக் கத்தரித்தால் வெட்டியதை ஏரியிலோ கால்வாயிலோ போடாதீர்கள், காயவைத்துக் குப்பையில் போடுங்கள். வேண்டாத மீனையும் நீர்நிலையில் விடக்கூடாது. சென்னை ஏரிகளில் இன்று சக்கர் மீன் நிறைந்திருப்பது இப்படி விடப்பட்டவற்றால்தான். கடைக்காரரிடம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

நான்காவது வாரம் அமோனியா, நைட்ரைட் அளவுகளையும் குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ் எண்ணையும் எனக்கு எழுதுங்கள். மீன் வாங்கலாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.